தொழில் தெரிந்தவருக்குத் தகைமை: பதுளைத் தோட்டங்களும் தம்பானையும்



இந்தச் சொற்பொழிவு ஒரு தோட்டப் பாடசாலை ஆசிரியரின் நினைவாக நடைபெறுகிறது. ஒரே கூரையின் கீழே ஐந்து வகுப்புகளையும் உட்கார வைத்து, ஒருவராகவே நின்று கற்பித்த தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். அவருடைய பெருமையைச் சொல்லும் உரிமை அவரிடம் அடி வாங்கிப் படித்தவர்களுக்கே உண்டு. அவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். எனக்குப் பிறகு பேசுவார்கள். அறக்கட்டளைக் குழுவினர் எனக்குத் தந்த தலைப்பு தொழிற்கல்வி. அதைப் பதுளை மாவட்டத்தோடு நிறுத்திக்கொள்ள அனுமதி கேட்டேன். தோட்டங்களோடு தம்பானையையும் சேர்த்துப் பேசப் போகிறேன் என்றபோது குழுவில் ஒருவர் சற்று யோசித்தார். யோசித்தது நியாயம்தான். தம்பானைக்கும் நமக்கும் என்ன?

மஹியங்கனைக்கு அப்பால் இருக்கும் தம்பானையும் நம்முடைய பதுளை மாவட்டம்தான். இந்தத் தீவின் ஆதிக்குடிகளான வேடர்கள் இன்றும் தங்கள் தலைவரின் கீழ் ஒரு சமூகமாக வாழும் ஊர் அது. மலையகத் தமிழராகிய நாம் இருநூறு ஆண்டுகளுக்கு முன் கொண்டுவரப்பட்டவர்கள்; அவர்கள் எல்லாருக்கும் முன்பே இங்கே இருந்தவர்கள். ஆதிக்குடி என்று நம்மைச் சொல்லிக்கொள்ள முடியாது, சொல்லவும் வேண்டாம். ஆனால் தொழிற்பயிற்சி என்று வரும்போது இரண்டு சமூகத்தின் முன்னாலும் ஒரே கதவுதான் சாத்திக் கிடக்கிறது. அதனால்தான் இரண்டையும் சேர்த்துப் பேசுகிறேன்.

1983 நவம்பரில் மாதுரு ஓயா தேசியப் பூங்கா பிரகடனம் செய்யப்பட்டது. மகாவலித் திட்டத்தின் ஒரு பகுதி அது. நீர்ப்பிடிப்புக் காட்டையும் விலங்குகளையும் காக்க வேண்டும் என்ற நோக்கத்தில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் காட்டில் தேன் எடுத்தவர்கள், கிழங்கு அகழ்ந்தவர்கள், வேட்டையாடியவர்கள் பூங்கா எல்லை போடப்பட்டவுடன் சட்டத்தை மீறியவர்களாகிவிட்டார்கள். பல குடும்பங்கள் ஹெனானிகல போன்ற குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டன. வயல் கொடுத்தார்கள், வாய்க்கால் தண்ணீர் கொடுத்தார்கள். காட்டை விட்டு வர மறுத்தவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய மூத்த தலைவர் திஸாஹாமி 1998 இல் மறைந்தார். அவருடைய மகன் ஊருவரிகே வன்னில அத்தோ 1996 இலேயே ஜெனீவாவுக்குப் போய், ஐக்கிய நாடுகள் சபையின் ஆதிக்குடிகள் பற்றிய செயற்குழு முன்னிலையில் தம் மக்களின் வழக்கைச் சொல்லிவிட்டு வந்தார். இன்னொன்றையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்: கிழக்கே வாகரை, மூதூர்ப் பக்கம் வாழும் வேடர்கள் தமிழ் பேசுகிறவர்கள். தம்பானையில் சிங்களம், கரையோரத்தில் தமிழ். அவர்களுடைய சொந்த மொழி இரண்டு இடத்திலும் மறைந்துகொண்டு வருகிறது.

தம்பானைப் பிள்ளைகளுக்கு இன்று கிடைக்கும் தொழில் என்ன? சுற்றுலாப் பயணி வந்தால் வில் பிடித்துக் காட்டலாம், ஆடிக் காட்டலாம், தேனும் கைவினைப் பொருளும் விற்கலாம். இதை நான் இழிவாகச் சொல்லவில்லை. அதில்தான் அடுப்பு எரிகிறது. ஆனால் எந்த மரத்தில் எந்த மாதம் தேன் இருக்கும், யானை போன தடம் நேற்றையதா இன்றையதா, எந்தப் பட்டை காய்ச்சலுக்கு ஆகும் என்று அறிந்த ஒருவர் அதே காட்டைக் காக்கும் அரச உத்தியோகத்துக்குப் போனால், முதலில் கேட்கப்படுவது சாதாரண தரப் பெறுபேறு. தடம் பார்க்கத் தெரியுமா என்பதைக் கேட்க விண்ணப்பப் படிவத்தில் கட்டமே இல்லை.

அந்தக் கட்டத்தைப் போட்ட நாடும் உண்டு. அவுஸ்திரேலியாவின் வட கோடியில், மேற்கு ஆர்னம் நிலத்தில், பூர்வகுடி மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக ஒரு வேலை செய்துவந்தார்கள். வறட்சிப் பருவத்தின் தொடக்கத்திலேயே புல்லை ஆங்காங்கே சிறிதாகக் கொளுத்திவிடுவார்கள். பருவக் கடைசியில் வரும் பெருந்தீ அதனால் பரவ இடமில்லாமல் போகும். மக்கள் நிலத்தை விட்டுப் போனபின் பெருந்தீ பெருகியது. 2006 இல் அந்தப் பழைய முறை ஒரு திட்டமாக மீண்டும் தொடங்கப்பட்டது. டார்வினில் உள்ள ஓர் எரிவாயு ஆலை, தன் புகைக்கு ஈடாக, அந்தத் தீக்கட்டுப்பாட்டுக்குப் பணம் கொடுத்தது. அடுத்த ஆண்டு அரசு பூர்வகுடிக் காவலர்களைச் சம்பளத்துக்கு எடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அந்தக் காவலர்கள் நிலப் பாதுகாப்பில் தொழிற்சான்றிதழ் படிக்கிறார்கள். அதில் பெரியவர்கள் சொல்லித் தருவதும் இருக்கிறது, செய்மதிப் படம் பார்க்கக் கற்பதும் இருக்கிறது. அந்த நாட்டில் பூர்வகுடிகளுக்கு நடந்த கொடுமைகள் பற்றி இன்னொரு சொற்பொழிவு தேவைப்படும். ஆனாலும் இந்த ஒன்றில் அவர்கள் வரிசையைச் சரியாகப் போட்டார்கள். அந்த மக்களிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு, அதன் மேல் பயிற்சியைக் கட்டினார்கள்.

சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் 1989 ஆம் ஆண்டு உடன்படிக்கை, 169 ஆம் இலக்கம், இதைத்தான் சொல்கிறது. அதன் 22 ஆம் பிரிவின்படி, பொதுவான பயிற்சித் திட்டங்கள் ஆதிக்குடிகளின் தேவைக்குப் பொருந்தாவிட்டால், அவர்களுடைய பொருளாதாரச் சூழலையும் பண்பாட்டையும் நடைமுறைத் தேவையையும் அடிப்படையாக வைத்து வேறு பயிற்சி அமைக்க வேண்டும். அதை அந்த மக்களோடு கலந்து பேசியே அமைக்க வேண்டும். காலப்போக்கில் நிர்வாகப் பொறுப்பும் அவர்கள் கைக்கு வர வேண்டும். இலங்கை அந்த உடன்படிக்கையை ஏற்று உறுதிப்படுத்தவில்லை. உறுதிப்படுத்தாத நாடு அதில் உள்ள நல்லதைப் பின்பற்றக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன்.

1920 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆறு வயது முதல் பத்து வயது வரை தாய்மொழிக் கல்வி கொடுக்கத் தோட்டத்தை நிர்வகித்த துரைமாரைப் பொறுப்பாக்கியது. பத்து வயதுக்குப் பிறகு என்ன என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. பத்து வயதுக்குப் பிறகு கூடைதானே! 1945 இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலை அதற்கு வெளியே நின்றது. 1948 இல் நம் குடியுரிமை போனது. 1970களில்தான் அரசு தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. நாடற்றோர் பிரச்சினைக்குச் சட்டரீதியான கடைசி முடிவு 2003 இல்தான் வந்தது. இந்த ஆண்டுகளை நீங்கள் எல்லோரும் பலமுறை கேட்டிருப்பீர்கள். தொழிற்கல்விக்கு இவற்றால் வந்த விளைவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அரச தொழிற்பயிற்சி நிறுவனங்கள் நகரங்களில் வேர்பிடித்த காலத்தில், நம்மில் பெரும்பாலோர் விண்ணப்பம் போடக்கூடத் தகுதி இல்லாதவர்களாக வைக்கப்பட்டிருந்தோம். நிறுவனங்கள் நம்மை மனத்தில் வைத்து அமைக்கப்படவில்லை. பின்னால் வந்து சேர்ந்தவர்களுக்கு ஓரத்தில்தான் இடம் கிடைத்தது.

இன்று நிலைமை வேறு என்பார்கள். பதுளையில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. நைட்டா என்னும் தொழிற்பயிலுநர் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, தொழிற்பயிற்சி அதிகார சபை இருக்கிறது. ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் 2005 இல் வந்தது. அங்கே தேயிலைத் தொழில்நுட்பத்தில் பட்டமே படிக்கலாம். பசறை வீதியில் அந்த வளாகத்தைக் கடந்துதான் தோட்டத்து பஸ் தினமும் போகிறது. பசறையிலேயே தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் பிராந்திய நிலையம் இருக்கிறது. இத்தனையும் இருக்கிறது. அதே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரும் பையனுக்கு அவற்றில் எது திறந்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

தேயிலை தயாரிக்கும் ஒரு ஸ்டோருக்குள் போய்ப் பாருங்கள். மாலையில் கொழுந்து வந்து இறங்குகிறது. அதில் முக்கால் பங்கு தண்ணீர். தொட்டியில் பரப்பி, கீழிருந்து காற்று விட்டு, இரவெல்லாம் வாட்டுகிறார்கள். எப்போது போதும்? கருவி இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பழகிய தொழிலாளி ஒரு பிடி கொழுந்தை அள்ளி, உருண்டையாக அழுத்தி, கையைத் திறந்து பார்ப்பார். உருண்டை சட்டென்று குலைந்தால் இன்னும் பச்சை. மெல்ல விரிந்தால் உருட்டலாம். பிறகு முகர்ந்து பார்ப்பார். மழைக்காலத்துக் கொழுந்துக்கு ஒரு கணக்கு. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை நம் மலைகளில் வறண்ட காற்று வீசும்போது வரும் கொழுந்துக்கு வேறு கணக்கு. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனிப் பெயரும் தனி விலையும் வாங்கித் தருவது அந்த மூன்று மாதக் கொழுந்துதான். உருட்டிய பின் நொதிக்க விடும் நேரத்தில் சில நிமிடம் கூடினாலும் குறைந்தாலும் சாயமும் வாசனையும் மாறிப்போகும். ஏறக்குறைய நாலரைக் கிலோ கொழுந்து ஒரு கிலோ தூளாகிறது. அந்த ஒரு கிலோ எந்த விலைக்குப் போகும் என்பதில் டீமேக்கருக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அந்த இரவு வேலைக்காரருக்கும் அவ்வளவு பங்கு உண்டு. டீமேக்கருக்கு உத்தியோகத்தர் வீடு. இவருக்கு லயம். இவர் இருபது வருடம் வாட்டிய கையோடு ஓய்வு பெறுகிறார். கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

கவ்வாத்து வெட்டுகிறவரும் அப்படித்தான். மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை செடியை வெட்டி இறக்கும் வேலை. கத்தி எந்தச் சாய்வில் இறங்க வேண்டும், எந்தக் கிளையை விட வேண்டும், வெட்டுவாய் பிளந்தால் செடிக்கு என்ன ஆகும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வெளிநாட்டில் இதே வேலையைப் பழத்தோட்டத்தில் செய்கிறவர் பயிற்சி பெற்ற தொழிலாளி என்று மதிக்கப்படுகிறார். இங்கே அவர் ஒரு பேர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் கூப்பிடும் பேர். வேலை முடியாவிட்டால் அரைப்பேர், அரைச் சம்பளம்.

இந்த அநீதிக்கு மருந்து நம் நாட்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தால் மூன்றாம்நிலைத் தொழிற்கல்வி ஆணைக்குழு வந்தது. பின்னர் தேசிய தொழில் தகைமை என்ற ஏழு படிகள் கொண்ட ஏணி வந்தது. நான்காம் படி வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். இந்த ஏணியில் ஏற வகுப்பறைக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று ஒரு வழி இருக்கிறது. தொழிலை எங்கே கற்றாய் என்று கேட்காமல், செய்து காட்டு என்று கேட்கிற வழி. மதிப்பீட்டாளர் வருவார், நீங்கள் செய்து காட்டுவீர்கள், தேறினால் சான்றிதழ். மேசன், மின் இணைப்பாளர், வெல்டர், சமையற்காரர் என்று பல தொழிலில் இது நடக்கிறது. என் பார்வையில், இந்த நாட்டில் தொழிற்கல்வித் துறை செய்த மிக நல்ல காரியம் இதுதான். தோட்டத்தில் இதைப் பற்றி அறிந்தவர்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

பசறைப் பக்கத்து இளைஞர் ஒருவரை எனக்குத் தெரியும். பதினேழு வயதில் கொழும்புக்குப் போனவர். இன்று அவர் பதித்த டைல்ஸ் மேல் கோலிக்குண்டை வைத்தால் உருளாது. அவரிடம் இந்த வழியைச் சொன்னேன். ஆர்வமாகத்தான் கேட்டார். பிறகு ஆதாரக் கோப்பு வேண்டும், சேவைக் கடிதம் வேண்டும் என்றதும் சிரித்தார். அவருக்கு வேலை கொடுத்தவர் ஒரு பாஸ். அந்த பாஸுக்கு வேலை கொடுத்தவர் ஒரு கொந்தராத்துக்காரர். பெயரெழுதிச் சம்பளம் கொடுத்தவர் எவருமில்லை. கடிதம் யாரிடம் வாங்குவது? மதிப்பீட்டுக்கு வரும் நாளில் கூலி போகும். படிவம் சிங்களத்தில் இருந்தது. தமிழ்ப் படிவம் கேட்டால் தருவார்கள் என்று நான் சொன்னேன். அவர் கேட்ட கேள்வி: ‘மதிப்பீடு செய்ய வாறவர் தமிழ் பேசுவாரா சேர்?’ அதற்கு நான் உறுதி கொடுக்க முடியவில்லை.

தடைகளைப் பற்றி அறிக்கைகள் நிறைய இருக்கின்றன. பெரும்பாலானவை மனப்பாங்கைப் பற்றிப் பேசுகின்றன. தோட்டத்து இளைஞருக்கு ஆர்வம் இல்லையாம், பெற்றோருக்கு விழிப்புணர்வு இல்லையாம். விழிப்புணர்வுக் கருத்தரங்கு வைத்தால் சரியாகிவிடுமாம்! நான் சொல்கிறேன், கருத்தரங்கை விட்டுவிட்டு பஸ் நேரத்தைப் பாருங்கள். மடுல்சீமைப் பக்கத்து மேல்பிரிவு ஒன்றிலிருந்து பதுளைக்கு வகுப்புக்கு வரும் பெண் பிள்ளை, நாலு மணிக்கு வகுப்பு முடிந்து எந்த பஸ்ஸில் திரும்புவாள், இறங்கிய இடத்திலிருந்து இருட்டில் எப்படி மலை ஏறுவாள்? தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாய், 2024 இல் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. அந்தச் சம்பளத்தில் ஓடும் வீட்டில் ஒருவர் ஆறு மாதம் வேலைக்குப் போகாமல் படிப்பதென்றால், ஆறு மாத அரிசிக்கு யார் பொறுப்பு? பயிற்சிக் கொடுப்பனவு என்று தரப்படுவது பஸ்ஸுக்கும் பகல் சாப்பாட்டுக்குமே போதாது. நேர்முகக் கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கே கிடந்து, நாள் கடந்த பிறகு லயத்துக்கு வந்த கதைகளை இந்த மண்டபத்தில் இருக்கும் பலர் என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள். கைபேசி வந்த பிறகு இது ஓரளவு குறைந்திருக்கிறது.

மொழியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பதுளை மாவட்டத்தில் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனமானவை. 2012 குடிசனக் கணக்கெடுப்பில் மாவட்ட மக்களில் ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானோர் மலையகத் தமிழர். முஸ்லிம் மக்களையும் சேர்த்தால் தமிழ் பேசுவோர் அதைவிட அதிகம். அப்படியிருந்தும் ஒரு பாடநெறி தமிழில் நடக்க வேண்டுமானால் தமிழ்ப் போதனாசிரியர் வேண்டும். போதனாசிரியர் வேலைக்குத் தொழில் தகைமை வேண்டும். தகைமை பெறத் தமிழில் பாடநெறி வேண்டும். இந்த வட்டத்தை எங்காவது ஓர் இடத்தில் வெட்ட வேண்டும். எனக்குத் தெரிந்தவரை வெட்டக்கூடிய இடம் முன்கற்றல் அங்கீகாரம்தான். இப்போதே தொழில் தெரிந்த தமிழ் மேசன்மாரையும் மின் வேலைக்காரரையும் முதலில் தகைமை பெற வைத்து, அவர்களில் பேசத் தெரிந்தவர்களைப் போதனாசிரியராக்குவது.

பெண்களுக்கு என்று பயிற்சி வந்தால் தையல், அழகுக்கலை, கேக் அலங்காரம். தையல் நல்ல தொழில்தான். ஆனால் ஒரு டிவிஷனில் முப்பது பேருக்குத் தையல் சொல்லிக் கொடுத்தால் யார் யாருக்குத் தைப்பது? அந்தப் பெண்கள் ஏற்கெனவே என்ன செய்கிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. நாற்றுமேடையில் ஒற்றை இலைத் துண்டிலிருந்து தேயிலைக் கன்று எடுக்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். பிள்ளைக்காம்பராவில் குழந்தை பார்க்கிறவர்கள் பெண்கள். மேல்பிரிவில் நோயாளியைத் தூக்கி வரும்வரை பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறவர்களும் அவர்களே. நாற்றுமேடைத் தொழில், முன்பள்ளிப் பராமரிப்பு, முதியோர் பராமரிப்பு: இவை மூன்றுக்கும் வெளியே சந்தை இருக்கிறது, சம்பளம் இருக்கிறது. வீட்டுப் பணிக்கு மத்திய கிழக்குக்குப் போகும் பெண்ணிடம் பராமரிப்புத் துறையில் நான்காம் படிச் சான்றிதழ் இருந்தால் அவள் வேறு நாட்டுக்கு வேறு சம்பளத்துக்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம்.

பெற்றோரின் சந்தேகத்தையும் நான் மறைக்க விரும்பவில்லை. தொழிற்கல்வி என்றாலே, நம் பிள்ளைகளை மட்டும் கைவேலைக்குத் தள்ளுகிற சூழ்ச்சி இது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நூறு வருட அனுபவம் அப்படி நினைக்க வைக்கிறது. பத்து வயது வரை போதும் என்று எழுதிய சட்டத்தின் பேரப்பிள்ளைகள்தானே நாம். ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். விஞ்ஞானப் பிரிவு இல்லாத பாடசாலையில் தொழிற்பிரிவைத் திறந்துவிட்டு, உங்களுக்கு இது போதும் என்று சொன்னால் எதிர்த்து நில்லுங்கள். 2017 இல் தொடங்கிய பதின்மூன்று ஆண்டுக் கல்வித் திட்டம் சாதாரண தரத்தில் சித்தியடையாத பிள்ளைக்கும் பன்னிரண்டாம் தரத்தில் தொழிற்பிரிவு தருகிறது. நல்ல திட்டம். அது கணிதம், விஞ்ஞான ஆசிரியர் இல்லாத குறைக்குப் போர்வையாகிவிடக்கூடாது. தோட்டத்துப் பிள்ளை கணிதத்தில் தவறுவது பல இடங்களில் கணித ஆசிரியர் இல்லாததால்தான்.

தோட்டக் கம்பனிகளிடம் ஒரு கேள்வி. 1992 இல் நிர்வாகம் உங்கள் கைக்கு வந்தது. இளைஞர்கள் தோட்டத்தை விட்டுப் போகிறார்கள், ஆள் பற்றாக்குறை என்று நீங்கள் சொல்கிறீர்கள். இருபது வருடம் வேலை செய்த தொழிலாளிக்கு அவர் செய்த தொழிலின் பெயரைக் குறிப்பிட்டு ஒரு சேவைக் கடிதம் கொடுக்க உங்களுக்கு என்ன செலவு? படிவம் அச்சிடும் காகிதச் செலவு. சான்றிதழ் கிடைத்தால் ஆள் போய்விடுவார் என்ற பயம்தான் காரணமென்றால், சான்றிதழ் இல்லாமலும் அவர் போய்க்கொண்டுதான் இருக்கிறார்.

வீடு கட்டும் வேலையையும் பாருங்கள். இந்திய உதவியில் மலையகத்துக்கு முதலில் 4,000 வீடுகள், 2017 இல் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் புதைந்த பிறகு, சரிவுகளில் வடிகால் வெட்டுவதும் தாங்குசுவர் கட்டுவதும் நம் மாவட்டத்தில் உயிரைக் காக்கும் வேலை என்று எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு வீட்டுத் திட்டமும், ஒவ்வொரு தாங்குசுவரும் ஒரு பயிற்சித் தளம். அங்கே கல் தூக்கிய இளைஞர் ஆறு மாதத்தின் பின் மூன்றாம் படி மேசனாக வெளியே வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதினால் போதும். வீடு கேட்டுப் போராடிய நம் தொழிற்சங்கங்கள் இந்த ஒரு வரியையும் கேட்டிருக்க வேண்டும். அடுத்த ஒப்பந்தத்திலாவது கேட்க வேண்டும்.

தம்பானைக்கும் இதையே சொல்வேன். பூங்கா எல்லையில் யானைத் தடம் பார்ப்பவருக்கும், காட்டு வழிகாட்டிக்கும், மூலிகை அறிந்தவருக்கும் செய்து காட்டித் தகைமை பெறும் வழி ஒன்று அமைக்க வேண்டும். தடம் பார்ப்பதை மதிப்பிடும் குழுவில் அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும்.

கடைசியாக இந்த அறக்கட்டளைக் குழுவினரிடம் ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் பேச்சுப்போட்டி, கட்டுரைப்போட்டி நடத்திப் பரிசு கொடுக்கிறீர்கள். அதை நிறுத்தச் சொல்லவில்லை. வரும் ஆண்டு அந்த நிதியில் பாதியை எடுத்து, பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பகுதித் தோட்டங்களில் தொழில் தெரிந்து சான்றிதழ் இல்லாத பத்துப் பேரைத் தேர்ந்தெடுங்கள். ஐந்து பேராவது பெண்களாக இருக்கட்டும். அவர்களுடைய கோப்பைத் தமிழில் தயாரித்துக் கொடுக்க ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரை அமர்த்துங்கள். மதிப்பீட்டுக் கட்டணம், பஸ் காசு, அன்று இழக்கும் நாட்சம்பளம் மூன்றையும் அறக்கட்டளை ஏற்கட்டும். தமிழ் பேசும் மதிப்பீட்டாளர் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். அடுத்த ஆண்டு இதே மேடைக்கு என்னைப் போன்ற ஒருவரை அழைக்க வேண்டாம். அந்தப் பத்துப் பேரில் ஒருவரை அழைத்துப் பேசச் சொல்லுங்கள்.